உச்சிப்புளிப் பக்கத்துப் பிற்காப்பு இல்லம்: இரண்டரை ஆண்டு பார்த்தபின் எழுதும் மதிப்புரை

என் அக்காள் மகன் 18 வயது முடிந்து குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியே வந்தது 2023 ஆடி மாதத்தில். அன்று முதல், ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பிற்காப்பு இல்லத்தில், அதாவது குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியேறியவர்கள் சொந்தக் காலில் நிற்கும்வரை தங்கும் வீட்டில், தங்கியிருக்கிறான். இந்தக் கடற்கரையில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கு மாமன், சித்தப்பன், பாட்டி என்று யாராவது ஒருவர் பெரும்பாலும் இருக்கத்தான் செய்கிறார்கள். பிள்ளைக்கு 18 நெருங்கும்போது அவர்கள் என்னிடம் வந்து, "அந்த வீடு எப்படி, நம்பி விடலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. அறக்கட்டளையின் பெயரை இங்கே எழுதவில்லை. குறை சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அதைவிட, அங்கே தங்கியிருக்கும் பையன்களை "இன்ன வீட்டுப் பிள்ளைகள்" என்று ஊர் அடையாளம் காட்டுவதை நான் விரும்பவில்லை.

என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவனை 9 வயதில் இல்லத்தில் சேர்த்தவன் நான்தான். அவன் தகப்பன் 2012இல் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. 2014இல் அக்காளும் போய்விட்டாள். எனக்கு மூன்று பிள்ளைகள், படுக்கையில் ஒரு தாயார், ஓட்டு வீட்டில் இரண்டு அறை. தாய்மாமன் வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று கேட்டவர்கள் உண்டு. நானே என்னைக் கேட்டுக்கொண்டதும் உண்டு. ஆகவே இதை எழுதுபவன் நடுநிலையான வாடிக்கையாளன் அல்லன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சட்டம் என்ன தருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் ஒரு பிற்காப்பு இல்லம் தன் வேலையைச் செய்கிறதா இல்லையா என்று எடைபோட முடியும். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 46ஆம் பிரிவு, இல்லத்தில் வளர்ந்து 18 வயது முடித்து வெளியேறுபவருக்கு, அவர் சமூகத்தோடு கலந்து வாழ்வதற்காக நிதியுதவி அளிக்கலாம் என்கிறது. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் 25ஆம் விதி இதை விரித்துச் சொல்கிறது: 21 வயது வரை பிற்காப்பு, விதிவிலக்கான சூழ்நிலையில் மேலும் 2 ஆண்டு, ஆறு முதல் எட்டுப் பேர் வரை சேர்ந்து வாழும் தற்காலிகக் குழு வீடு, தொழில் பயிற்சி, தொடர்பில் இருக்கும் ஆலோசகர், சிறு தொழில் தொடங்க விரும்பினால் கடனுக்கான ஏற்பாடு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவுக்கு 2022இல் வந்த வழிகாட்டுதலின்படி பிற்காப்பில் இருப்பவருக்கு மாதம் 4,000 ரூபாய். இவை எதுவும் 18ஆவது பிறந்த நாளன்று தானாக வந்து விழுவதில்லை. இந்தப் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக்குழு படிவம் 37இல் ஆணை தர வேண்டும், அதற்குமுன் யாராவது கேட்க வேண்டும். பிரிவில் உள்ள சொல் "அளிக்கலாம்" என்பதுதான், "அளிக்க வேண்டும்" என்பதன்று. முப்பது ஆண்டு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை கோப்புகள் உறங்க முடியும் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். சாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பனங்காட்டை ஒட்டிய மாடி வீடு. கீழே சமையலறை, கூடம், ஓர் அறை. மேலே மூன்று அறை. நான் போகும்போதெல்லாம் ஏழு பேர் இருந்திருக்கிறார்கள். ஓர் அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பூட்டுள்ள இரும்புப் பெட்டி, ஒரு மின்விசிறி. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, துவைப்பதற்கே ஆகும். குடிதண்ணீர் தள்ளுவண்டியில் குடக்கணக்கில் வாங்க வேண்டியதுதான். அந்தக் குடங்களுக்கு யார் முறை, யார் காசு என்பதுதான் அந்த வீட்டில் நான் கண்ட சண்டைகளில் முக்கால்வாசி. மேற்பார்வைக்கு ஒருவர் இருக்கிறார். பையன்கள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் சமைத்துத் தருவதில்லை. அது குறை என்று நான் முதல் மாதம் நினைத்தேன்.

முதல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது சமையல் முறை என் மருமகனுடையது. அடுப்பில் பெரிய பாத்திரம். வீட்டில் இருந்த ஐந்து கிலோ அரிசியையும் களைந்து போட்டிருந்தான். சோறு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வழிந்தது. அவன் கரண்டியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "மாமா, ஏழு பேருக்கு எவ்வளவு போடணும்?" என்றான். ஒன்பது ஆண்டுகள் அவன் கண்ணால் பார்த்ததெல்லாம் அறுபது பேருக்கு வடிக்கும் அண்டாவைத்தான். ஒரு வீட்டின் அளவு எவ்வளவு என்று அவனுக்கு யாரும் காட்டியதில்லை. அரிசி மட்டுமன்று, தேங்காய் என்ன விலை, ஒரு சோப்பு எத்தனை நாள் வரும், சிலிண்டர் தீர்ந்தால் யாருக்குப் போன் செய்வது, காய்ச்சல் வந்தால் யாரிடமும் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என எதுவும் தெரியாது. பசித்தால் சாப்பிடலாம் என்பதுகூடப் புதிதாக இருந்தது. மணி அடிக்காத வீட்டில் முதல் வாரம் இரண்டு வேளை பட்டினி கிடந்திருக்கிறான், யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டு. அன்று மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மறுநாள் ஏழு பேரும் சாப்பிட்டார்கள். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் அரிசி வாங்க அவனைத்தான் அனுப்பினார்.

இந்த இல்லத்தின் மிகப் பெரிய சிறப்பாக நான் கருதுவது இதைத்தான். தலைக்கு மேல் கூரை இருக்கும்போதே பிள்ளை சொந்தக் காசில் தவறு செய்து பார்க்க இடம் கொடுக்கிறார்கள். மாதாந்திரத் தொகை ஒரு முறை தாமதமாகி மூன்று மாதத்துக்குச் சேர்த்து 12,000 ரூபாயாக வந்து விழுந்தது. வந்த மறுநாளே 9,000 ரூபாய்க்கு ஒரு கைப்பேசி வாங்கிவிட்டான். நான் கொதித்துப் போய் அண்ணனைக் கேட்டேன், "நீங்கள் தடுத்திருக்கக் கூடாதா?" என்று. "தடுத்திருந்தா 22 வயசுல வாடகைக் காசுல வாங்கியிருப்பான், அப்ப வீடும் போயிருக்கும்" என்றார். மளிகைக்கான பங்கை அவன் எப்படியும் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு மாதம் விடியற்காலையில் கரைக்குப் போய் ஐஸ் பெட்டி இறக்கி அந்தப் பங்கைக் கட்டினான். என் சொந்தப் பிள்ளைகளுக்கு நான் இந்தப் பாடத்தை இவ்வளவு மலிவாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

தொகை தாமதமானது யாரால் என்று ஆராய நான் வரவில்லை. ஆனால் பிள்ளையை அனுப்பும் உறவினர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்: அந்த 4,000 ரூபாய் மாதந்தோறும் முதல் தேதி வரும் சம்பளம் அன்று. கையில் இரண்டு மாதச் செலவுக்கான பணம் தனியாக இல்லாமல் அதை நம்பி எந்தத் தவணையும் கட்டத் தொடங்கக் கூடாது. இன்னொன்று, 18 வயதில் புதிதாகத் திறந்த வங்கிக் கணக்கைத் தேடி வரும் ஆட்கள் இருக்கிறார்கள். "உன் ஏடிஎம் அட்டையை மட்டும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்பார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடும், வழக்கு பையன் பெயரில் வரும். பையன் சேர்ந்த முதல் நாளே அண்ணன் இதை எச்சரிக்கிறார் என்பதற்காக அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

அடுத்தது தாள்கள். இந்தப் பகுதி நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த வீட்டில் கழிந்த முதல் ஆண்டில் பாதி இதற்கே போயிற்று. பள்ளி மாற்றுச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருந்தது. ஆதாரில் தகப்பன் பெயர் முழுதாக விரிந்து அவன் பெயருக்குப் பின்னால் நின்றது. வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இல்லை. மூன்று தாளிலும் மூன்று பேர். முகவரியோ, அவன் விட்டு வந்த குழந்தைகள் இல்லத்தின் முகவரி. சிறுவர் கணக்காக இருந்த சேமிப்புக் கணக்கு 18 வயது முடிந்தவுடன் புதிய கையெழுத்தும் அடையாளச் சான்றும் கொடுத்துப் பெரியவர் கணக்காக மாற்றப்படும்வரை இயங்காது. மாற்றுவதற்கு முகவரி வேண்டும். முகவரியை மாற்ற வேறொரு சான்று வேண்டும். ஐடிஐ சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும், அதற்குத் தகப்பன் சான்றிதழ் கேட்பார்கள்.

தகப்பன் விஷயத்தில்தான் கடற்கரைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கடலில் போய் உடல் கிடைக்காதவருக்கு இறப்புச் சான்றிதழ் எளிதில் கிடைப்பதில்லை. ஒருவரைப் பற்றி, வழக்கமாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு ஆண்டுகளாக ஒரு தகவலும் இல்லையென்றால் அவர் இறந்ததாகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டத்தில் நெடுங்காலமாக உள்ள விதி. என் மைத்துனர் விஷயத்தில் அந்த ஏழு ஆண்டு 2019லேயே முடிந்துவிட்டது. அப்போது பையனுக்கு 14 வயது. இல்லத்தில் யாரும் கேட்கவில்லை. கோப்போடு வாழ்ந்த எனக்கும் தோன்றவில்லை, அதுதான் வெட்கம். பிற்காப்பு இல்லத்தில் தாள் வேலைக்கென்று வாரம் இரண்டு நாள் வரும் ஓர் அம்மையார், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் கட்டணமின்றி வழக்கறிஞரை ஏற்பாடு செய்து, தகப்பன் இறந்ததாக உரிமையியல் நீதிமன்றத்தில் அறிவிப்புப் பெற்றுத் தந்தார். பதினொரு மாதம் ஆயிற்று. முதல் இரண்டு தேதிக்கும் அவனைத் தானே பேருந்தில் அழைத்துப் போனார். மூன்றாவது தேதியிலிருந்து அவனைத் தனியாக அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொன்னார். இந்த வீட்டில் மதிப்பெண் போடுவதென்றால் அவருக்குத்தான் முழு மதிப்பெண்.

ஆனால் இவை அனைத்தையும் 18க்கு முன்பே செய்திருக்கலாம் என்பதுதான் என் முதல் மனக்குறை, அது இந்த இல்லத்தின் மீது மட்டுமான குறை அன்று. இல்லத்தில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் படிவம் 7இல் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும். அதில் 16 வயதிலேயே "எந்தத் தாள் இருக்கிறது, எது இல்லை" என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால், வேலை பழக வேண்டிய அரை ஆண்டை அவன் இ-சேவை மைய வரிசையில் கழித்திருக்க மாட்டான்.

தொழில் பற்றி நல்லதாகச் சொல்லலாம். டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவசப் பேருந்துப் பயண அட்டையும் கிடைத்தன. அவன் கேட்டது முதலில் செல்போன் பழுது பார்க்கும் பயிற்சி. அண்ணன் மறுக்கவில்லை, மண்டபம் கரையில் ஒரு படகுப் பட்டறைக்கும், ராமநாதபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கும் இடத்துக்கு மூன்று நாள் அனுப்பி, பிறகு அவனையே முடிவு செய்யச் சொன்னார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடலுக்குப் போகிறவனுக்கு அது வறண்ட காலம். எஞ்சின் பிரிப்பவனுக்கு அதுதான் அறுவடைக் காலம். படகுகளைக் கரையேற்றி, ஹெட்டைக் கழற்றி, ரிங் மாற்றி, நாசிலைப் பரிசோதித்து, ஜூன் நடுவில் எல்லாப் படகும் ஒரே நாளில் கிளம்பும்படி தயார் செய்ய வேண்டும். 2025 தடைக்காலத்தில் அவன் கையில் வந்த கூலி, அதற்கு முந்தைய ஆறு மாதக் கூலியைவிட அதிகம். தகப்பனைக் கொண்டுபோன கடலில் இறங்காமல், கடலை வைத்தே பிழைக்கும் ஒரு வேலை. அவனாக அப்படி நினைத்துத் தேர்ந்தெடுத்தானா என்று நான் கேட்டதில்லை.

அந்தத் தடைக்காலத்தில்தான் இல்லத்தோடு எனக்குப் பெரிய வாக்குவாதமும் வந்தது. இரவு 9 மணிக்கு வெளிக்கதவைப் பூட்டுவது அவர்கள் விதி. பட்டறையில் வேலை முடிய அந்த நாட்களில் 11 ஆகும். இரண்டு முறை கதவு திறக்கவில்லை. மூன்றாம் முறை அவன் வீட்டுக்கே போகவில்லை; கரையேற்றிய படகின் மேல்தட்டில் வலையை விரித்துப் படுத்துவிட்டான். எனக்குச் செய்தி தெரிந்தது பட்டறைக்காரர் மூலம். வாக்களிக்கும் வயதில் இருக்கும், வரி கட்டவே தயாராக இருக்கும் ஒரு தொழிலாளியை, பத்து வயதுப் பிள்ளைக்கு வைத்த பூட்டால் பூட்டி வைப்பதற்குப் பிற்காப்பு என்று பெயர் வைக்க முடியாது. அது பழைய இல்லத்தின் இன்னொரு மாடி. அறங்காவலர்களுக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு சாவி கொடுத்தார்கள், தாமதமானால் அண்ணனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போதும் என்றார்கள். மாற்றிக்கொண்டார்கள் என்பதையும் நியாயத்துக்குப் பதிவு செய்கிறேன். உறவினர் வருகைக்கு இரண்டாம் ஞாயிறு மட்டும் என்ற விதி இன்னும் இருக்கிறது. எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

ஆலோசகர் விஷயத்தில் இந்த இல்லத்தைப் பரிந்துரைக்க முடியாது. இரண்டரை ஆண்டில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவரும் வந்து முதல் நாள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அம்மா எப்படி இறந்தார்கள்? மூன்றாமவர் கேட்டபோது அவன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். சம்பளம் போதாததால் ஆட்கள் நிற்பதில்லை என்று சொல்கிறார்கள். இருக்கலாம். முன்னவர் எழுதிய குறிப்பைப் பின்னவர் படித்துவிட்டு வருவதற்குச் சம்பளம் தடையில்லையே. தீபாவளி, பொங்கல் நாட்களில் வீடு காலியாகாமல் இருப்பதும், போக இடமில்லாத நான்கைந்து பேர் அன்று நாள் முழுவதும் படுத்தே கிடப்பதும் அண்ணனுக்குத் தெரியும். தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அது அவருடைய குணம், இல்லத்தின் ஏற்பாடு அன்று. அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் போய்விடும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த அறக்கட்டளையிடம் வீடு இல்லை. 18 முடிந்த பெண்ணை உறவினர் அழைத்து வந்து ஆறு மாதத்துக்குள் கல்யாணம் செய்து கொடுத்துக் கடமை முடிந்தது என்று உட்காருவதை எங்கள் பக்கத்தில் நான் பார்த்திருக்கிறேன். 25ஆம் விதி ஆணுக்கென்று எழுதப்படவில்லை. பெண்ணின் மாமனோ சித்தியோ இதைப் படித்தால், குழந்தைகள் நலக்குழுவிடம் அவளுக்கும் மனுக் கொடுக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீடு வாடகைக்குப் பார்க்கும் வேலை ஆறு மாதமாக நடக்கிறது. இங்கேதான் எந்த இல்லமும் முழுதாகத் தர முடியாத ஒன்றைப் பார்த்தேன். மண்டபத்தில் ஒரு வீட்டுக்காரர் அவனிடம் முன்பணத்தையோ சம்பளத்தையோ முதலில் கேட்கவில்லை. "எந்த ஊரு தம்பி, யாரு மகன்?" என்றார். அவன் பட்டறையின் பெயரைச் சொன்னான். அவர் மறுபடியும் அதையே கேட்டார். எங்கள் கடற்கரையில் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஊரும் சாதியும் மதமும் சங்கமும் எல்லாம் இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியும். அறக்கட்டளை வாடகை ஒப்பந்தத்தில் பிணையாகக் கையெழுத்திடத் தயாராக இருக்கிறது. பல இடங்களில் இதைச் செய்வதில்லை, பாராட்ட வேண்டும். ஆனால் அறக்கட்டளையின் முத்திரையைப் பார்த்ததும் வீட்டுக்காரர் முகம் மாறுகிறது, "ஆசிரமத்துப் பையனா?" என்கிறார். அடுத்த வீட்டுக்கு நான் கூடப் போனேன். "என் அக்காள் மகன், நான் தாய்மாமன், சங்கத்தில் இருந்தேன்" என்று சொன்னேன். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். வீடு அமையவில்லை, வாடகை கட்டுப்படியாகவில்லை. ஆனால் வாசலில் நிற்க வைக்கவில்லை. கூடப் போக மாமன் இல்லாத மற்ற ஆறு பேருக்கும் அறக்கட்டளை முத்திரைத் தாளோடு உள்ளூர் ஆள் ஒருவரையும் அனுப்ப வேண்டும். பட்டறைக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி. இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

கடலோரத்தில் நிவாரணம், சலுகை எல்லாம் குடும்பத்தைக் கணக்கிட்டே வருகின்றன. தடைக்கால நிவாரணமான 8,000 ரூபாயும் மீனவக் குடும்பத்துக்கு என்றுதான் வருகிறது. தனியாக நிற்கும் இருபது வயதுக்காரனைக் குடும்பமாக எண்ணிப் பார்க்க நம் படிவங்களுக்கு இன்னும் பழக்கமில்லை. தனி வீடு அமைந்தவுடன் குடும்ப அட்டைக்கு அவன் பெயரில் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை என் அட்டையில் சேர்க்கலாமே என்று என் மனைவி சொன்னாள். பதினோரு ஆண்டு தாமதம்தான், அவனிடம் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான்.

சேர்க்க நினைப்பவர்களுக்கு நடைமுறையாக இதைச் சொல்வேன். பிள்ளைக்கு 17 முடியும்போதே குழந்தைகள் இல்லத்தில் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிறந்த நாளுக்கு முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் குழந்தைகள் நலக்குழுவிலும் பிற்காப்புக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வீட்டை நேரில் போய்ப் பாருங்கள், சமையலறையையும் கதவுச் சாவியையும் பற்றிக் கேளுங்கள், பையன்களிடம் தனியாகப் பேசுங்கள். ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால் மூன்றரை கொடுப்பேன். அந்தத் தாள் வேலை அம்மையார் இல்லையென்றால் இரண்டரை.

அவனுக்கு இந்த ஆடியில் 21 முடிகிறது. வாடகை வீடு அமையாத நிலையில், விதியில் சொல்லியிருக்கும் கூடுதல் 2 ஆண்டைக் கேட்டு மனு எழுதினோம். நான் எழுதிக் கொடுத்ததை அவன் வாங்கிப் படித்துவிட்டு, "ஆதரவற்ற" என்று நான் போட்டிருந்த சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் "டீசல் மெக்கானிக்காகப் பணிபுரியும்" என்று எழுதிக் கையெழுத்திட்டான். தலைப்பெழுத்து ஆதாரில் உள்ளபடியே இருந்தது. ஒப்புகைச் சீட்டு அவனுடைய இரும்புப் பெட்டியில் இருக்கிறது.